டெட்ராய்ட்: ஓவியர் வராத ஓவியக் காட்சி

புதன்

அக்கா வீடு கேன்டனில். டெட்ராய்ட் நகரத்துக்கு மேற்கே, காரில் அரை மணி நேரம். இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கார் கம்பெனியில் வேலை, கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை, அந்த உதிரிபாகத்துக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை. ஊருக்குப் போன் போட்டால் "டெட்ராய்ட்ல இருக்கோம்" என்பார்கள். டெட்ராய்ட்டுக்குள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

"அங்க பார்க்க என்ன இருக்கு மாப்ள? எரிஞ்ச வீடும் காலி மனையும்" என்றார் அத்தான். இருபது வருடமாக இங்கே இன்ஜின் பிரிவில் இருக்கிறார்.

நான் வந்ததே அக்கா மகள் அழைத்ததால்தான். ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வாரம் ஒருமுறை சிறைக்குப் போய் அங்கே இருப்பவர்களோடு நாடகப் பட்டறை நடத்தும் மாணவர் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். நான் மதுரையில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவன். "மார்ச் கடைசியில வாங்க மாமா, சிறையில இருக்கறவங்க வரைஞ்ச படமெல்லாம் காட்சிக்கு வைப்பாங்க" என்றாள். அந்தக் காட்சிக்குப் போகும் முன் ஊரைப் பார்த்துவிடலாம் என்று இன்று கிளம்பினோம். சாலையோரத்தில் பழைய பனி அழுக்கேறிக் கிடக்கிறது.

முதலில் போன இடம் பன்னிரண்டாம் தெரு. 1976-ல் அதற்கு ரோசா பார்க்ஸ் பெயரை வைத்துவிட்டார்கள். பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த அதே கறுப்பின அம்மையார்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வேலை போய், மிரட்டல் வந்து, 1957-ல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். கடைசிவரை இங்கேதான் இருந்தார்.

கிளேர்மவுண்ட் தெரு குறுக்கே வரும் முனையில் சின்னப் பூங்கா ஒன்று, அதில் ஒரு தகவல் பலகை. 1967 ஜூலை 23, ஞாயிறு விடியற்காலை. அச்சகம் ஒன்றின் மாடியில் உரிமம் இல்லாத மதுக்கூடம். வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு சிப்பாய்களுக்கு அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. போலீஸ் உள்ளே நுழைந்து எண்பது பேருக்கு மேல் பிடித்தது. அத்தனை பேரையும் ஏற்ற வண்டி போதாமல் தெருவிலேயே நிறுத்திவைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது, ஒரு பாட்டில் பறந்தது. அடுத்த ஐந்து நாளில் 43 பேர் செத்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பர்கள். இரண்டாயிரம் கட்டடங்களுக்கு மேல் அழிந்தன. ராணுவத்தின் பாராசூட் படைப் பிரிவுகளே ஊருக்குள் வந்தன. கைதானவர்கள் 7,200 பேருக்கு மேல். இத்தனை பேரை வைக்கச் சிறையில் இடமேது? பேருந்துகளுக்குள் வைத்தார்கள், போலீஸ் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தார்கள், பெல் ஐல் தீவில் குளிக்கப் போகிறவர்கள் உடை மாற்றும் கட்டடத்தில் வைத்தார்கள்.

பாட்டிலில் தொடங்கிய கதை இல்லை இது. அப்போது நகரத்தில் பத்துக்கு நாலு பேர் கறுப்பர்கள், போலீசில் இருபதுக்கு ஒருவர்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கறுப்பர்களின் கடைத்தெருவான ஹேஸ்டிங்ஸ் தெருவையும், அதை ஒட்டிய பிளாக் பாட்டம் குடியிருப்பையும் இடித்து நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். வீடிழந்தவர்கள் பலர் வந்து நெருக்கியடித்த இடங்களில் ஒன்று இந்தப் பன்னிரண்டாம் தெரு.

இங்கே மொசைக் என்று ஓர் இளைஞர் நாடகக் குழு இருக்கிறது. 1992-ல் தொடங்கியது, நடிப்பவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். இடிபட்ட அந்த ஹேஸ்டிங்ஸ் தெருவையே நாடகமாக்கி மேடையேற்றியிருக்கிறார்கள். அந்தத் தெரு இருந்த இடத்தின் மேல் இன்று காரில் போனோம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழன்

லின்வுட் தெரு. இன்றைக்கு முழுக்க இந்த ஒரு தெருதான். அக்காவும் வந்தாள்.

தெருவில் கத்தோலிக்கக் குருமடம் ஒன்று உண்டு, சேக்ரட் ஹார்ட். வெளியே முனையில் இயேசுவின் கற்சிலை, இரு கைகளையும் விரித்தபடி. 1967 ஜூலையில் ஊர் எரிந்துகொண்டிருந்தபோது யாரோ வந்து சிலையின் முகத்துக்கும் கைகால்களுக்கும் கறுப்பு வண்ணம் பூசிவிட்டுப் போனார்கள். பிறகு வெள்ளை பூசப்பட்டது. மறுபடியும் கறுப்பானது. கடைசியில் குருமடம் கறுப்பையே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் வண்ணம் மங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கி வெள்ளை, முகமும் கைகளும் நல்ல கறுப்பு.

அந்த வாரத்தில் உடைந்த கண்ணாடி எத்தனை, எரிந்த கடை எத்தனை என்று கணக்கு இருக்கிறது. ஒரு டப்பா வண்ணத்தோடு நடந்து வந்து சிலை மேல் ஏறியவருக்குக் கணக்கில் இடம் இல்லை. ஊரடங்கு நேரம், தெருவில் துப்பாக்கியோடு காவல் படை. அந்த நேரத்தில் ஒருவருக்கு இது செய்யத் தோன்றியிருக்கிறது. சாமி முகம் என் முகம் மாதிரி ஏன் இல்லை என்று கேட்பதற்கு அவருக்கு வேறு இடம் கிடைத்திருக்காது.

அதே லின்வுட்டில் கொஞ்சம் தெற்கே போனால் கறுப்பு மடோனா ஆலயம். பீடத்துக்குப் பின்னால் பதினெட்டு அடி உயர ஓவியம். முக்காடு போட்ட கறுத்த மரியாள், கையில் கறுத்த குழந்தை. 1967 ஈஸ்டர் ஞாயிறன்று திறந்தார்கள், அதாவது ஊர் எரிவதற்கு நான்கு மாதம் முன்பு. ஆல்பர்ட் கிளீக் என்ற போதகர் முன்னின்று செய்த காரியம். அதற்கு முன் அங்கே இருந்தது வெள்ளைக்கார யாத்ரீகர்கள் அமெரிக்காவில் கரையிறங்கும் காட்சியுள்ள கண்ணாடி ஜன்னல்.

வரைந்தவர் கிளாண்டன் டவ்டெல். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் பெயர் இது. கொலை வழக்கில் தண்டனை பெற்று மிச்சிகன் சிறையில் பத்தாண்டுக்கு மேல் கிடந்தவர். ஓவியராக வளர்ந்தது உள்ளேதான். 1962-ல் வெளியே வந்து, ஊரில் கலைக்கூடம் நடத்தி, கறுப்பர் உரிமை அரசியலில் இறங்கி, இந்தப் படத்தை வரைந்தார். அக்கம்பக்கத்தில் குழந்தையோடு இருந்த இளம் தாய் ஒருவரைப் பார்த்துத்தான் முகத்தை வரைந்தாராம். இரண்டு வருடம் கழித்து, மறுபடியும் வழக்கு வரும் என்ற நிலையில் ஸ்வீடனுக்குப் போய்விட்டார். புனிதராகத் திரும்பிய கைதி என்று கதை கட்டுவதற்கு ஏற்ற ஆள் இல்லை. படம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சிறைக்கலை என்றால் இப்போதெல்லாம் நமக்கு ஒரு திட்டம், நிதி, தன்னார்வலர், அறிக்கை எல்லாம் மனதில் வருகின்றன. டெட்ராய்ட்டின் மிகப் பெரிய சிறைக்கலைப் படைப்பு இந்த மரியாள்தான் என்பேன். அதற்குத் திட்ட அறிக்கை எதுவும் கிடையாது.

அக்கா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பான்டியாக்கில் இருக்கிற பராசக்தி கோயிலுக்குப் போகிறவள். அங்கே இருப்பது கருமாரியம்மன். காரில் ஏறியதும், "நாளைக்குக் கோயிலுக்குப் போகணும், புளிசாதம் கட்டணும்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளி

ஹைடல்பெர்க் தெரு. கிழக்குப் பக்கம், மெக்டூகல்-ஹண்ட் என்கிற குடியிருப்பு.

டைரி கைட்டன் பிறந்து வளர்ந்த தெரு இது. 1967-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஊர் எரிவதைக் கண்ணால் பார்த்த பையன். ராணுவத்துக்குப் போய், தீயணைப்பு வேலை பார்த்து, ஓவியப் பள்ளியில் படித்துத் திரும்பியபோது தெருவில் பாதி வீடுகள் காலி. 1986-ல் தாத்தா சாம் மேக்கியோடும் அப்போதைய மனைவியோடும் சேர்ந்து காலி மனைகளைக் கூட்டத் தொடங்கினார். கூட்டிய குப்பையை வெளியே கொட்டாமல் வீடுகளின் மேலேயே மாட்டினார். பொம்மைகள், செருப்புகள், பழைய தொலைக்காட்சிகள், கார் முன்மூடிகள், தூசி உறிஞ்சும் இயந்திரங்கள். தாத்தாவுக்கு ஜெல்லி மிட்டாய் பிடிக்கும் என்று ஒரு வீடு முழுக்க வண்ணப் புள்ளிகள்.

அந்தப் புள்ளி வீடு இன்னும் நிற்கிறது. மற்றவை பெரும்பாலும் இல்லை. 1991-லும் 1999-லும் நகராட்சி வந்து புல்டோசரால் இடித்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மேயர், இருவருமே கறுப்பர்கள். 2013, 2014-ல் யாரோ அடுத்தடுத்துத் தீ வைத்தார்கள். இசைத்தட்டுகள் ஒட்டிய வீடு, காசுகள் ஒட்டிய வீடு என்று ஒவ்வொன்றாகப் போயின. செய்தவர் யார் என்று கண்டுபிடிக்கவில்லை. எரிந்த அடித்தளங்களின் மேலும் கைட்டன் மறுபடி பொருட்களை வைத்தார். 2016-ல், இனி நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றப்போகிறேன் என்று அறிவித்தார்.

இன்று போனபோது மனைகளில் பலகைகள் நின்றன. எல்லாவற்றிலும் கடிகாரம் வரைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டுகிறது. ஒரு மரத்தடியில் செருப்புக் குவியல், அதன் மேல் ஈரப்பனி.

எங்களோடு தெருவில் இன்னும் சில சுற்றுலாப் பயணிகள். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு. இரண்டு வீடு தள்ளி, வண்ணம் எதுவும் பூசாத ஒரு வீட்டில் வயதான ஒருவர் மளிகைப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது நாற்பது வருடமாக வீட்டு வாசலில் அயலார் கார் நிறுத்திப் படமெடுத்தால் யாருக்கும் அலுக்கும். 1991-ல் இடிப்பு வந்ததற்குக் காரணங்களில் ஒன்றே அக்கம்பக்கத்தாரின் புகார்தான். குப்பையை அகற்று என்று வருடக்கணக்கில் நகராட்சியிடம் கெஞ்சிய தெரு. அங்கே குப்பைதான் கலை என்று ஒருவர் சொன்னால் எரிச்சல் வராதா? அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் இந்தத் தெருவைப் பார்க்க வேண்டும். புள்ளி வீட்டின் படத்தை மட்டும் பகிர்கிறவர்கள் பாதியைத்தான் பகிர்கிறார்கள். (ஆமாம், நானும் படம் எடுத்தேன். பகிரப் போவதில்லை.)

மதியம் கிழக்குப் பக்கத்திலேயே ஃபீல்டு தெரு. கிரேஸ் லீ பாக்ஸும் ஜேம்ஸ் பாக்ஸும் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. கிரேஸ் சீனக் குடும்பத்துப் பெண், 1940-ல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கணவர் அலபாமாவிலிருந்து வந்த கறுப்பர், கார் தொழிற்சாலைத் தொழிலாளி. 1967-க்கு முன் புரட்சி நாளைக்கே வரும் என்று நம்பியவர்கள். ஊர் எரிந்து முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கோபம் ஓர் ஆட்சியைத் தடுக்கும், அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்பதை அதனால் சொல்ல முடியாது என்கிற முடிவுக்கு வந்தார்கள். 1988-ல் வேலைவாய்ப்புக்காகச் சூதாட்ட விடுதி திறக்கலாம் என்று மேயர் கோல்மன் யங் சொன்னபோது எதிர்த்தார்கள். அப்படியானால் உங்கள் மாற்று என்ன என்று கேட்டார் மேயர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக வந்ததுதான் 1992-ன் டெட்ராய்ட் சம்மர். கோடை விடுமுறையில் இளைஞர்களைச் சேர்த்துக் காலி மனையில் தோட்டம் போடுவது, சுவரோவியம் வரைவது, பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவது. பின்னாளில் அதே பிள்ளைகள், பள்ளியைப் பாதியில் விடுவது ஏன் என்று ஊர்ப் பிள்ளைகளிடமே பேட்டி எடுத்து, ஹிப் ஹாப்போடு சேர்த்து ஒலித்தட்டாக்கினார்கள். கிரேஸ் நூறு வயது தாண்டி 2015-ல் மறைந்தார்.

தோட்டமும் சுவரோவியமும் நகரத்தைக் காப்பாற்றினவா? 1950-ல் பதினெட்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2020-ல் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கீழே. காப்பாற்றவில்லை. கலை கொடுத்தால் கலவரம் வராது என்று விண்ணப்பப் படிவங்களில் எழுதுகிறோமே, நானும் எழுதியிருக்கிறேன், நிதி தருகிறவருக்கு அது பிடிக்கும். ஆனால் இந்த ஊரில் கலவரம் வந்தது பிள்ளைகளுக்குத் தூரிகை இல்லாததால் இல்லை. வீட்டை இடித்ததால், வேலை போனதால், போலீஸ் அடித்ததால். தூரிகையிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்வது அநியாயம். அது செய்ய முடிந்த வேலை வேறு.

சனி

பனி கொட்டியது. காலையில் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் டியாகோ ரிவேராவின் தொழிற்சாலைச் சுவரோவியங்களைப் பார்த்தோம். பிரமாண்டம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பிறகு ஜாக்சன். மேற்கே ஒன்றரை மணி நேரம். மிச்சிகனில் சிறை என்றால் ஜாக்சன்தான். 1830-களின் கடைசியில் தொடங்கிய முதல் மாநிலச் சிறை ஊருக்குள் இருந்தது. 1930-களில் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டினார்கள். மதில் சூழ்ந்த சிறைகளில் உலகிலேயே பெரியது என்று அதற்குப் பெயர். 1952 ஏப்ரலில் அங்கே பெரிய கலவரம். காவலர்களைப் பிணை பிடித்து வைத்துக்கொண்டு கோரிக்கைகள் வைத்தார்கள். ஆளுநர் ஏற்றுக்கொண்டபின், சரணடைந்தவர்களுக்கு மாட்டிறைச்சி வறுவலும் ஐஸ்கிரீமும் பரிமாறினார்கள். வேறு எதையும் விட இந்த ஐஸ்கிரீம் விஷயம்தான் எனக்கு மறக்காது.

ஊருக்குள் இருந்த பழைய சிறைக் கட்டடம் இப்போது ஓவியர்கள், சிற்பிகள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பு. ஆர்மரி ஆர்ட்ஸ் வில்லேஜ் என்று பெயர். பழைய கல் மதில் இன்னும் நிற்கிறது. அதற்குள் வீடுகள், பட்டறைகள். மதிலின் உட்புறத்தில் ஒருவர் பனி அள்ளிக்கொண்டிருந்தார். அக்கா மகள் காரை விட்டு இறங்கவே இல்லை.

"அழகா மாத்தியிருக்காங்களே" என்றேன்.

"சிறையை மூடிட்டு ஆர்ட் வெச்சா எல்லாருக்கும் புடிக்கும் மாமா. சிறை நடக்கறப்பவே உள்ள போய் உக்காரணும். அது யாருக்கும் புடிக்காது."

திரும்பும் வழியெல்லாம் பேசினாள். இப்சிலாந்தி பக்கம் வந்தபோது, மாநிலத்தின் ஒரே பெண்கள் சிறை இந்தப் பக்கம்தான் என்று கை காட்டினாள். அக்கா அந்த நெடுஞ்சாலையில்தான் வாரத்தில் பாதி நாள் போகிறாள், தெரியாது.

உள்ளே போகும் விதிகள் நிறைய. போன் கூடாது. கைதிகள் உடுத்தும் நீலமும் ஆரஞ்சும் நீ உடுத்தக் கூடாது. பேனா, காகிதம் எதையும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. என்ன வழக்கு என்று கேட்பதில்லை. உள்ளே தலை எண்ணும் நேரத்தில் கணக்கு உதைத்தால் வாசலிலேயே உட்கார வேண்டியதுதான். மூடுபனி என்று திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. எழுதி வைத்த நாடகம் கிடையாது. விளையாட்டில் ஆரம்பித்து, ஒருவர் ஒரு சூழ்நிலை சொல்ல, இன்னொருவர் அதற்குள் நுழைய, அப்படியே வளர்த்துக் கடைசியில் உள்ளேயே ஒருநாள் நடித்துக்காட்டுவார்கள். நாங்கள் மதுரையில் செய்கிற அதே முறை. அவள் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார், எப்போதும் நாய் வேடம்தான் கேட்பாராம். வேறெதற்கும் சம்மதிப்பதில்லை. பிரமாதமான நாய் என்றாள்.

"எதுக்காக வர்றேன்னு உன்கிட்டக் கேப்பாங்களா?"

"ஃபர்ஸ்ட் டே கேட்டாங்க. கிரெடிட்டுக்காகவான்னு. ஆமான்னு சொன்னேன். சிரிச்சாங்க. செமஸ்டர் முடிஞ்சும் போனேன், அப்புறம் கேக்கல."

ஞாயிறு

ஆன் ஆர்பர், பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகம், டூடர்ஸ்டட் கலைக்கூடம். அத்தானும் வந்தார், வாகன நிறுத்தத்துக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே. காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

இதை நடத்துவது சிறைப் படைப்புக் கலைத் திட்டம். பஸ் அலெக்சாண்டர் என்கிற ஆங்கிலப் பேராசிரியர் 1990-ல் தொடங்கியது. ஆயுள் தண்டனை பெற்ற இரண்டு பெண்களுக்குப் பாடம் சொல்லித்தரப் போன இடத்தில் நாடகப் பட்டறை பிறந்தது. பிறகு ஆண்கள் சிறை, சிறார் இல்லம், டெட்ராய்ட் உயர்நிலைப் பள்ளி என்று மாணவர்களை அனுப்பினார். மூன்றையும் ஒரே பாடத்திட்டத்தில் வைத்தது யோசிக்க வேண்டிய விஷயம். அந்தப் பள்ளியிலிருந்து அந்த இல்லத்துக்கும், அங்கிருந்து அந்தச் சிறைக்கும் போகும் பாதை அவ்வளவு நேர். பதினெட்டு வயதுக்கு முன் செய்த குற்றத்துக்காகச் சாகும்வரை சிறை என்று தண்டனை பெற்றவர்கள் இந்த மாநிலத்தில் முந்நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அப்படி ஒரு தண்டனை தானாக விழக் கூடாது என்று 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2016-ல் சொன்ன பிறகு, பலர் நரைத்த தலையோடு வெளியே வந்தார்கள்.

ஓவியக் காட்சி 1996-லிருந்து. அலெக்சாண்டரும் அவர் மனைவி, ஓவியர் ஜேனி பாலும் ஆரம்பித்தார்கள். அலெக்சாண்டர் 2019-ல் காலமானார். ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக் குழுவினர் காரில் மாநிலம் முழுக்க, மேல் தீபகற்பம் எனப்படும் வடகோடிப் பகுதியின் சிறைகள் வரை போகிறார்கள். டெட்ராய்ட்டிலிருந்து அங்குள்ள மார்கெட் என்ற ஊரின் சிறைக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு டெட்ராய்ட் தாய்க்கு மகனைப் பார்க்க அந்தத் தூரம். குழுவினர் போய், ஓவியரோடு நேரில் உட்கார்ந்து, படத்தை வைத்துப் பேசுகிறார்கள். இது வேண்டும், இது வேண்டாம், கை சரியாக வரவில்லை, அடுத்த முறை இப்படி முயன்று பார் என்று. வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஒருவர் வந்து தன் வேலையைப் பற்றி மட்டும் பேசுவதற்காக வருடம் முழுக்க வரைகிறவர்கள் உண்டு.

சில நூறு படைப்புகள். நான் எதிர்பார்த்துப் போனது கம்பி, சங்கிலி, கண்ணீர். அவையும் இருந்தன, சில நன்றாகவே. ஆனால் அதிகம் இருந்தது வீடு. சமையலறை, மீன்பிடிக்கும் ஏரி, பனி விழுந்த தெரு, பாட்டி. நாய்கள் ஏராளம். பென்சிலில் வரைந்த ஒரு மூதாட்டியின் கை, தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிய. காகிதக் கூழில் செய்த மோட்டார் சைக்கிள். ஒரு சின்ன அட்டையில் வெறும் ஜன்னல் வெளிச்சம், தரையில் நீளமாக. அதன் முன் நான் நின்ற நேரம் அதிகம்.

விலையை ஓவியரே வைக்கிறார். விற்ற பணம் அவர் கணக்குக்குப் போகிறது. உள்ளே ஒரு நாள் கூலி ஒன்றிரண்டு டாலர் என்பதை நினைத்தால் அறுபது டாலர் பெரிய தொகை. திறப்பு விழாவுக்குக் குடும்பத்தார் வருகிறார்கள், விடுதலையானவர்கள் வருகிறார்கள். வரைந்தவர் வர முடியாது. தன் படம் எந்தச் சுவரில், எந்த வெளிச்சத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அதனால் பார்வையாளர்கள் எழுதும் குறிப்புகளைத் திரட்டி அனுப்புகிறார்கள். நான் புரட்டிப் பார்த்த பக்கங்களில் 'அழகு', 'மனதைத் தொட்டது' என்பதே முக்கால்வாசி. எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஒரு மனிதர் ஆறு மாதம் உட்கார்ந்து தாத்தாவின் முகத்தை வரைந்திருக்கிறார். அந்த மூக்கைப் பற்றியாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

இதற்கிடையில் அத்தானைக் காணோம். மூலையில் ஒரு படத்தின் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் குனிந்து நின்றார். பழைய காரின் முன்மூடி திறந்து, உள்ளே இன்ஜின், எண்ணெய் வண்ணத்தில். பின்னால் டெட்ராய்ட் வீட்டின் பக்கச் சுவர். யாரோ ஒருவரின் முழங்கை மட்டும் படத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"வி எட்டு. எழுபதுகள்ல வந்தது. கார்புரேட்டர் எல்லாம் அச்சு அசல். நினைவிலேர்ந்து போட்டிருக்கான் பாரு" என்றார். பிறகு, "இவன் என்ன பண்ணிட்டு உள்ள போனான்?"

"தெரியாதுப்பா. கேக்க மாட்டோம்."

"வீட்ல மாட்டணும்னா தெரிய வேண்டாமா?"

"கடையில கார் வாங்கறவங்க, இதை செஞ்சவங்க யாருன்னு உங்ககிட்டக் கேக்கறாங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். அத்தான் பதில் சொல்லவில்லை, மறுபடி குனிந்தார். கால் மணி நேரம் கழித்து வாங்கிவிட்டார். காட்சி முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். வரவேற்பறையில் மாட்டுவதா, கார் நிறுத்தும் கொட்டகையில் மாட்டுவதா என்று அக்காவோடு அங்கேயே தகராறு. கொட்டகை என்று அக்கா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

குறிப்பு எழுத ஒரு காகிதம் வாங்கி மேசையில் உட்கார்ந்தார். எழுதியதை மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஃபேன் பெல்ட் தப்புன்னு எழுதியிருக்கீங்க!"

"தப்புதானே. ஆல்டர்னேட்டரைச் சுத்தி இப்படிப் போகாது. இப்படிப் போட்டா அரை மைல்ல அறுந்துரும்."

"அவர் எவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சிருப்பார்..."

"அதனாலதான் சொல்றேன். நான் என்ன, சும்மா சூப்பர்னு எழுதிட்டுப் போறவனா?" காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பெல்ட் எப்படிப் போக வேண்டும் என்று படம் போட ஆரம்பித்தார். கப்பி நான்கு, அம்புக்குறிகள், அளவு. ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டார். கலைக்கூடத்துப் பெண் தேடி எடுத்துக் கொடுத்தாள்.